உம் கொட்டும் பெட்டி

டார்ட்டுவில், ரயில் பாதைக்கு அப்பால்
எழுபத்திரண்டு தகரக் கதவுகள்.
எங்களுடையது நாற்பத்தொன்று.
சனிக்கிழமை பதினொரு மணிக்கு
ஊர்மாஸ் பூட்டின்மேல் லைட்டரைப் பிடிப்பான்.
உறைந்தது சொட்டிப் பூட்டு வாய் திறக்கும்.
அவன் வாய் அதற்கு முன்பே திறந்திருக்கும்:

"பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோ.
கட்டிலுக்கடியில் வை."
மூன்று குளிர்காலமாக இதையே சொல்கிறான்.
மூன்று குளிர்காலமாக நானும் தலையாட்டுகிறேன்.
என் நீவா, மைனஸ் இருபதில்,
ஒருமுறை இருமிவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

கால்யுவின் லைசென்ஸ்
மே மாதம்வரை போலீசிடம்.
ஆனாலும் டயர் பற்றி அவனிடம் கேட்டுவிடாதீர்கள்.
ஆணி வைத்ததா, வைக்காததா என்று
நீங்கள் முடிவுக்கு வருவதற்குள்
பனி உருகிவிடும்.

போன மாதம் ரேலிகா வந்தாள்,
குழந்தைகளின் சறுக்குவண்டியில்
கம்பளி சுற்றிய ஆம்ப்ளிஃபயரை இழுத்துக்கொண்டு.
என்ன நோவு என்று கேட்டோம்.
"உம் கொட்டுகிறது" என்றாள்.
"பாட்டு போட்டாலும், போடாவிட்டாலும்.
நான் ஏதோ கதை சொல்வதுபோலவும்
அது கேட்டுக்கொண்டிருப்பதுபோலவும்
ம்ம்ம்ம்."

ஆளுக்கொரு வைத்தியம் ஆரம்பமானது.
கெப்பாசிட்டர் பழசு, எல்லாவற்றையும் மாற்று: இது கால்யு.
பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிடு: இது ஊர்மாஸ்.
"நான் வேலை பார்ப்பது பால் சோதனைச்சாலையில்,
பிணவறைக்குப் போக அவசரமில்லை" என்றாள் அவள்.
தங்கமுலாம் பூசிய கம்பி வாங்கு என்றேன் நான்.
எண்பது யூரோ கொடுத்து நானே ஏமாந்தது.
துணைக்கு ஓர் ஆள் வேண்டாமா?

ஒயரைச் செருகி, ஸ்பீக்கரை மாட்டி,
நால்வரும் காதைக் கொடுத்தோம்.
கப்சிப்.
டாக்டர் வீட்டு வாசலில்
பல்வலி காணாமல்போகுமே, அதேதான்.

ஆகவே அவள் வீட்டுக்கே படையெடுத்தோம்.
ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது.
ஆம்ப்ளிஃபயரை நான் தூக்கினேன்,
எப்படித் தூக்குவதென்று மற்ற இருவரும் சொன்னார்கள்.
அங்கே அது தாராளமாக உம் கொட்டியது.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம்:
ஃபிரிட்ஜ், மோடம், மேசை விளக்கு,
மீன்தொட்டியின் சூடேற்றி (மீன்களிடம் மன்னிப்புக் கேட்டாள்).
கடைசியில், யாரும் பார்க்காத டிவியின் பின்னால்
சுவரிலிருந்து வந்த ஆன்டெனா கம்பி.
கால்யு இழுத்தான்.

நின்றது.

முதலில் கேட்டது கால்யுவின் வயிறு.
பிறகு பக்கத்து வீட்டில் யாரோ
கரண்டியைக் கீழே வைத்தது.
பிறகு ஒன்றுமில்லை.
வெற்றி என்று கைகுலுக்கினோம்,
ஐந்து மாடியையும் சத்தமாக இறங்கினோம்.

அடுத்த சனிக்கிழமை ரேலிகா வெறுங்கையோடு வந்தாள்.
எப்படி இருக்கிறது?
"நன்றாக இருக்கிறது."
ஊர்மாஸின் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டாள்.
அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:
"அந்தக் கம்பியைத் திரும்பச் செருகினால்
பழையபடி வருமா?"

நாற்பத்தொன்றாம் எண்ணின் வரலாற்றில்
ஒரு கேள்விக்கு யாரிடமும் கருத்து இல்லாதது
அதுதான் முதல் தடவை.
கால்யு டயரை உதைத்தான். அவனுடையதுகூட இல்லை.
ஊர்மாஸ் லைட்டரைக் கொளுத்தினான், அணைத்தான்.

"பாதி மட்டும் செருகிப் பார்" என்றேன்.

"பாதியா? உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கால்யு கிளம்ப,
"முதலில் திருகை இறுக்கணும்" என்று ஊர்மாஸ் குறுக்கிட,
மறுபடியும் சனிக்கிழமை ஆகிவிட்டது.
ரேலிகா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.
ம்ம், என்றாள். ம்ம்.

அன்றிரவு பேட்டரியைக் கழற்றினேன்.
சாக்குத்துணி விரித்துக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.
விளக்கை அணைத்த பிறகு
வெகுநேரம் காது கொடுத்துப் பார்த்தேன்.
அது எதுவும் சொல்லவில்லை.

காலையில் நீவா முதல் சாவிக்கே எழுந்தது.
ஊர்மாஸிடம் சொல்ல மாட்டேன்.
சொல்லிவிட்டால் அப்புறம் அவன்
சனிக்கிழமை என்னிடம் என்னதான் பேசுவான்?